விரிவுரையைக் குறைத்து வினாவைக் கூட்டிய ஆண்டில் நேர்ந்தவை

பட்ட வகுப்பு அறிவியல் பாடத்தில் மாணவர்களைப் பேசவைத்துக் கற்பிப்பதைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் அது எவ்வளவு நல்ல பலன் தந்தது என்பதையே எழுதுகிறார்கள். முதல் ஆண்டில் ஆசிரியர் எவற்றை இழக்க நேரும், யார் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும், எந்த இடத்தில் தனியாக நிற்க வேண்டியிருக்கும் என்பதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ரூ.38,000 பணமும் ஓர் ஆண்டின் ஊதிய உயர்வும் எனக்கு மிஞ்சியிருக்கும். செய்வது சரிதானா என்ற ஐயத்தோடு கழிந்த அந்த ஆண்டின் மனவுளைச்சலும் பாதியாவது குறைந்திருக்கும். பாலக்காட்டின் கிழக்கு ஓரத்திலோ எல்லைக்கு அப்பால் பொள்ளாச்சிப் பக்கத்திலோ இதே முயற்சியைத் தொடங்க நினைக்கும் இளம் ஆசிரியர்களுக்காக, நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்தில் உள்ள ஒரு சுயநிதிக் கல்லூரியில் 2018-இல் இயற்பியல் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தேன். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி போன்ற ஊர்களிலிருந்து வரும் தமிழ்ப் பிள்ளைகள். பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்து, பிளஸ் டூவில் திடீரென்று ஆங்கிலத்துக்கு மாறியவர்கள். மறுபாதி மலையாள வழியில் படித்தவர்கள். நானும் அதே தமிழ் வழிப் பள்ளியில் படித்து மேலே வந்தவள் என்பதால் அவர்களுடைய தடுமாற்றம் எனக்குப் புதிதன்று. சூத்திரத்தில் எண்களைப் போட்டு விடை காண்பதில் அவர்களிடம் குறையே இல்லை. ஆனால் கணக்கே இல்லாத ஒரு சிறு கேள்வியைக் கேட்டால், மேலே எறிந்த கல் உச்சியில் நிற்கும் கணத்தில் அதன் முடுக்கம் என்ன என்று கேட்டால், வகுப்பில் பெரும்பாலோர் சுழியம் என்றார்கள். உச்சியிலும் புவியீர்ப்பு இழுத்துக்கொண்டே இருப்பதால் அது தவறு. அதே மாணவர்கள் அதற்கு முந்தைய வாரம் எறிபொருள் கணக்குகளில் முழு மதிப்பெண் வாங்கியவர்கள். என் விரிவுரை அவர்களுடைய நோட்டுக்குப் போய்ச் சேர்ந்ததே தவிர, அவர்கள் உலகைப் பார்க்கும் விதத்தைத் தொடவேயில்லை என்பது அப்போது எனக்கு உறைத்தது.

இதே அனுபவம் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியரான எரிக் மசூருக்கும் நேர்ந்தது. டேவிட் ஹெஸ்டனிஸும் உடன் பணியாற்றியோரும் உருவாக்கிய, கணக்கின்றிக் கருத்தை மட்டும் சோதிக்கும் விசை பற்றிய கருத்துவினாக்களை மசூர் தம் மாணவர்களுக்குக் கொடுத்தபோது, நீங்கள் கற்பித்தபடி எழுதவா, நான் நினைப்பதுபோல் எழுதவா என்று ஒரு மாணவி கேட்டாராம். அதன் பிறகு, 1991 முதல், அவர் விரிவுரையைத் துண்டு துண்டாக்கி இடையிடையே கருத்துவினா வைத்து, முதலில் தனியாக விடை சொல்லச் செய்து, பிறகு பக்கத்தில் இருப்பவரோடு வாதிடச் செய்து, மீண்டும் விடை கேட்கும் முறையைக் கைக்கொண்டார். இதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட உற்சாகத்தைச் சொல்லி முடியாது. அடுத்த பருவத்தின் இயக்கவியல் தாளை இந்த முறையில் நடத்துவதென்று அன்றே முடிவு செய்தேன்.

முதல் இழப்பு பண இழப்பு. விடைகளைத் திரட்டுவதற்கு மசூர் மின்னணுக் கருவிகளைப் பயன்படுத்தினார் என்பதால், மாணவர் பொத்தானை அழுத்தி விடை அனுப்பும் கையடக்கமான கிளிக்கர் தொகுதி ஒன்றை என் சொந்தப் பணத்தில் வாங்கினேன். கல்லூரியிடம் கேட்டால் மூன்று குழுக்களின் ஒப்புதல் வேண்டும், பருவமே முடிந்துவிடும் என்றார்கள். விற்றவர் பெரிய நகரத்துக்காரர். வாங்கும்வரை நாள்தோறும் அழைத்தார். சில வாரங்களில் அந்த விடைகளைப் பெறக் கணினியில் செருகும் ஏற்பி செயலிழந்ததும் அதற்கு உதிரியே வருவதில்லை என்று கைவிரித்தார். ஏற்பி இல்லாமல் கிளிக்கர்களால் ஒரு பயனும் இல்லை. என் அன்றைய ஊதியத்தில் அது ஒன்றரை மாதப் பணம். வீட்டில் சொல்லவும் முடியாமல், திருப்பித் தரச் சொல்லிக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், கடைசியில் அதை மறந்துவிடத் தீர்மானித்தேன்.

வேறு வழியில்லாமல்தான் அட்டைக்கு வந்தேன். கொழிஞ்சாம்பாறையில் ஒரு ஸ்டேஷனரி கடையில் நான்கு நிறச் சார்ட் தாள்கள் வாங்கி, உள்ளங்கை அளவில் வெட்டி, ஏ, பி, சி, டி என்று எழுதி, ஆளுக்கு நான்கு அட்டைகளை நூலில் கோத்துக் கொடுத்தேன். முழு வகுப்புக்கும் ரூ.300 ஆகவில்லை. பிற்பாடுதான் தெரிந்தது, டேவிட் மெல்ட்சரும் கந்தையா மணிவண்ணனும் 2002-லேயே எழுத்து அட்டைகளைக் கொண்டு பெரிய வகுப்புகளை நடத்திய முறையை விரிவாக எழுதியிருக்கிறார்கள் என்பதும், நத்தானியேல் லாஸ்ரி 2008-இல் கிளிக்கரையும் அட்டையையும் ஒப்பிட்டுப் பார்த்து, கற்றலில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று கண்டார் என்பதும். ஆகவே கருவிக்கு ஒரு ரூபாயும் செலவிடாதீர்கள் என்பதே என் முதல் வேண்டுகோள். அட்டையைத் தலைக்கு மேல் தூக்கச் சொல்லக் கூடாது. நெஞ்சோடு ஒட்டி ஆசிரியரை நோக்கிப் பிடிக்கச் சொல்ல வேண்டும். எண்ணிச் சொன்னதும் எல்லோரும் ஒரே நேரத்தில் காட்ட வேண்டும். இல்லையென்றால், முதல் பெஞ்சில் நன்றாகப் படிக்கும் பெண் எந்த நிறத்தை எடுக்கிறாள் என்று பார்த்துவிட்டு மற்றவர்கள் தங்கள் அட்டையை மாற்றிக்கொள்வார்கள். எண்ணிக்கை துல்லியமாக வேண்டுமென்றால் பிளிக்கர்ஸ் என்ற செயலி இருக்கிறது. மாணவர் கையில் அச்சிட்ட ஒரு தாள் போதும். அதை எந்தப் பக்கம் திருப்பிப் பிடிக்கிறார் என்பதை ஆசிரியரின் கைப்பேசிக் கேமரா படித்துக்கொள்ளும். கைப்பேசி கொண்டுவரத் தடை உள்ள கல்லூரிக்கும், எல்லோரிடமும் கைப்பேசி இல்லாத வகுப்புக்கும் அது பொருந்தும்.

கருவிச் சிக்கல் தீர்ந்த பிறகுதான் உண்மையான சிக்கல் தெரிந்தது. வாளையார் நெடுஞ்சாலையைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் என்பதால் அங்கிருந்தே ஒரு வினாவை எடுத்தேன். சுமை ஏற்றிய 20 டன் லாரியும், ஓட்டுநரோடு சேர்த்து 200 கிலோ எடையுள்ள ஸ்கூட்டரும் நேருக்கு நேர் மோதுகின்றன. மோதும் கணத்தில் லாரி ஸ்கூட்டர் மீது செலுத்தும் விசை பெரிதா, ஸ்கூட்டர் லாரி மீது செலுத்தும் விசை பெரிதா, இரண்டும் சமமா, அல்லது வேகத்தைப் பொறுத்ததா? ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்ற நியூட்டனின் மூன்றாம் விதியை உறக்கத்தில் கேட்டாலும் ஒப்பிக்கக்கூடிய வகுப்பில், சமம் என்ற அட்டையைத் தூக்கியவர்கள் மூன்றில் ஒரு பங்கினர். இப்போது பக்கத்தில் இருப்பவரோடு பேசுங்கள் என்றேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. வகுப்பறையில் ஆங்கிலம் மட்டுமே என்பது கல்லூரியின் விதி. சுவரில் எழுதி ஒட்டியிருந்தார்கள். அடுத்த வகுப்பிலும், அதற்கடுத்த வகுப்பிலும் அதே மௌனம். கூச்சமா, வெறுப்பா, என் மீது நம்பிக்கையின்மையா என்று தெரியாமல் நான் உள்ளுக்குள் நொறுங்கிப் போயிருந்தேன்.

ஒரு நாள் நடு வரிசையில் இருந்த வடகரப்பதிப் பையன் எழுந்து, "மிஸ், தமிழ்ல பேசலாமா?" என்று கேட்டான். பேசுங்கள், மலையாளத்திலும் பேசுங்கள், கதவை மட்டும் சாத்திவிடுங்கள் என்றேன். அதன் பிறகு அந்த அறையில் எழுந்த இரைச்சலை நான் வாழ்நாள் முழுவதும் மறக்க மாட்டேன். "அதெப்படிடா சமமா இருக்கும், லாரிக்கு ஒண்ணும் ஆகல, ஸ்கூட்டர்தானே நசுங்குது" என்று ஒருவன் கேட்க, "நசுங்குறது வேற, ஃபோர்ஸ் வேற, ஒரே ஃபோர்ஸை நூறு மடங்கு கனமான சாமான்மேல போட்டா அது அசையுமா?" என்று பின்பெஞ்சுப் பெண் ஒருத்தி திருப்பிக் கேட்டாள். விசை ஒன்றே, நிறை நூறு மடங்கு, ஆகவே முடுக்கம் நூறில் ஒன்று என்பதை நான் சொல்லாமலே அவள் சொல்லிவிட்டாள். மறுபடி அட்டை காட்டியபோது சமம் என்றவர்கள் முக்கால் வகுப்பைத் தாண்டினார்கள். ஆங்கிலத்தில் தேர்வு எழுத வேண்டிய பிள்ளைகளைத் தமிழில் பேசவிடலாமா என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். வாதம் தமிழிலோ மலையாளத்திலோ நடக்கட்டும். முடிந்ததும் ஒவ்வொருவரும் இரண்டே வாக்கியம் ஆங்கிலத்தில் நோட்டில் எழுதட்டும். என் வகுப்பில் தேர்வு ஆங்கிலம் அதனால்தான் தேறியது. எழுத வேண்டிய கருத்து முதலில் தன்னுடையதாக இருந்தால்தான் அதற்கு வாக்கியம் பிறக்கும்.

வினாவைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த முறையின் உயிர் அதில்தான் இருக்கிறது. தனியாகக் காட்டிய முதல் விடையில் சரியானது 30 விழுக்காட்டுக்கும் குறைவென்றால் விவாதத்துக்கு விடாதீர்கள். தெரியாதவர்கள் தெரியாதவர்களோடு பேசித் தவறையே உறுதியாக்கிக்கொள்வார்கள். திரும்பிப் போய் விளக்கிவிட்டு மறுபடி கேட்க வேண்டும். 70 விழுக்காட்டுக்கு மேல் என்றால் விவாதத்துக்கு வேலையில்லை. ஒரு நிமிடம் விளக்கிவிட்டு மேலே போகலாம். இரண்டுக்கும் இடைப்பட்ட வினாவே பொன்னானது. தவறான விடைகளை நீங்களாகக் கற்பனை செய்து எழுதாதீர்கள். பழைய விடைத்தாள்களில் மாணவர்கள் உண்மையாகச் செய்த பிழைகளை எடுத்து விடைகளாக வையுங்கள். எங்கள் வேதியியல் ஆசிரியை, கொதிக்கும் நீரில் எழும் குமிழிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டார். காற்று என்றும், ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் என்றும் சொன்னவர்கள் ஏராளம். நீராவி என்றவர்கள் சிலரே. தாவரவியல் ஆசிரியர், சித்தூர்ப் பக்கம் எங்கும் நிற்கும் பனையைக் காட்டி, இதன் உலர்ந்த எடை எங்கிருந்து வந்தது என்று கேட்டார். மண்ணிலிருந்து என்பதே வகுப்பின் ஒருமித்த விடை. அறிவியலாளர் வான் ஹெல்மான்ட் தொட்டியில் வளர்த்த வில்லோ மரம் ஐந்து ஆண்டுகளில் 70 கிலோவுக்கு மேல் எடை கூடியது, மண் இழந்ததோ சுமார் 60 கிராம்தான் என்ற 1648-இல் வெளியான சோதனையைச் சொல்லிவிட்டு மறுபடி கேட்டபோதும் நீர் என்றே பலர் சொன்னார்கள். ஹெல்மான்ட்டும் அப்படித்தான் முடிவு செய்தார். காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடு என்ற இடத்துக்கு வர அவர்களுக்கு ஒரு முழு வகுப்பு தேவைப்பட்டது. அந்த வகுப்பு வீணாகவில்லை.

செய்முறை விளக்கத்துக்கும் இதே ஒழுங்கு வேண்டும். ஏ.சி. மெக்கானிக் ஒருவரிடம் ஒரு மீட்டர் செம்புக் குழாய் கேட்டு வாங்கி, அதற்குள் சிறிய நியோடிமியக் காந்தம் ஒன்றை விட்டேன். தடையின்றி விழும் பொருள் ஒரு மீட்டரை அரை நொடிக்குள் கடந்துவிடும்; காந்தமோ செம்பில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டி, அதனால் தடுக்கப்பட்டு, மெல்ல இறங்கி வந்தது. விடுவதற்கு முன்பு, காந்தம் குழாயில் ஒட்டிக்கொள்ளுமா, சாதாரணமாக விழுமா, மெதுவாக விழுமா என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லியிருந்தேன். உலோகம் என்றாலே காந்தம் ஒட்டும் என்று எழுதியவர்கள் பலர். இந்த எழுதும் ஒரு நிமிடத்தை விட்டுவிடாதீர்கள். மசூரின் குழு 2004-இல் வெளியிட்ட ஆய்வில், செய்முறையை வெறுமனே பார்த்த மாணவர்களுக்கும் பார்க்கவே செய்யாதவர்களுக்கும் புரிதலில் பெரிய வேறுபாடு இல்லை என்றும், முன்கூட்டியே விளைவைக் கணித்துச் சொன்னவர்களே கூடுதலாகப் புரிந்துகொண்டார்கள் என்றும் கண்டார்கள்.

இனிப் பாடப்பகுதிச் சிக்கல். ஒரு வினா, விவாதத்தோடு சேர்த்து, எட்டு முதல் பத்து நிமிடத்தைத் தின்றுவிடும். ஒரு மணி நேர வகுப்பில் மூன்றுக்கு மேல் வைக்க முடியாது, இரண்டே போதும். பருவத்தின் நடுவில் துறைத் தலைவர் என் பதிவேட்டைப் பார்த்துவிட்டு, "போர்ஷன் முடியுமா டீச்சர்? யுனிவர்சிட்டி எக்ஸாம்ல என்ன பதில் சொல்வீங்க?" என்று கேட்டார். அவருடைய கவலையில் நியாயம் இருந்தது. வினாத்தாள் நம் கையில் இல்லாத இணைப்புக் கல்லூரியில் பாடத்தை முடிக்காமல் விட முடியாது. சூத்திரங்களைப் படிப்படியாக வருவிக்கும் நீண்ட தருவிப்புகளைக் கரும்பலகையில் முழுவதும் எழுதுவதை நிறுத்தி, அச்சிட்ட தாளாகக் கொடுத்து, இடையில் மூன்று வரிகளை மட்டும் காலியாக விட்டு, வீட்டில் நிரப்பி வரச் சொன்னேன். வகுப்புக்கு முன் இரண்டு பக்கம் படித்து, புரியாத ஒன்றை ஒரு வரியில் எழுதிவரச் செய்தேன். காலையில் அந்தத் தாள்களைப் புரட்டினால் எதை விளக்கத் தேவையில்லை என்பது தெரிந்துவிடும். இப்படி மிச்சமான நேரத்தில்தான் வினாக்களுக்கு இடம் கிடைத்தது. ஆனாலும் கடைசி அலகுக்குச் சனிக்கிழமைகளைக் கொடுக்க வேண்டியிருந்தது. தொடங்குபவர்கள் ஒரே ஒரு தாளில் மட்டும் தொடங்குங்கள். எல்லாத் தாள்களிலும் ஒரே பருவத்தில் முயன்றால் உடல் தாங்காது.

என்னை அதிகம் காயப்படுத்தியது பருவ முடிவில் வந்த மாணவர் கருத்துப் படிவம். மிஸ் பாடம் நடத்துவதில்லை, எங்களையே நடத்தச் சொல்கிறார் என்று பலர் எழுதியிருந்தார்கள். ஒரு பெற்றோர் நேரில் வந்து, கட்டணம் கட்டுவது பிள்ளைகள் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்கா என்று முதல்வரிடம் கேட்டார். என் மதிப்பீட்டுப் புள்ளி துறையிலேயே தாழ்ந்திருந்தது; அதைக் காரணம் காட்டி அந்த ஆண்டு ஊதிய உயர்வை நிறுத்தினார்கள். அந்த மாணவர்களுக்காகவே இரவெல்லாம் வினா எழுதியவளுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. சில நாள்கள் பழையபடி விரிவுரைக்கே திரும்பிவிடலாம் என்றுகூட நினைத்தேன். ஹார்வர்டு இயற்பியல் வகுப்புகளில் லூயி டெலோரியே குழுவினர் செய்து 2019 செப்டம்பரில் வெளியான ஆய்வைப் படித்தபோதுதான் மூச்சு வந்தது. மாணவர்கள் ஈடுபட்டுக் கற்ற வகுப்பில் சோதனை மதிப்பெண் கூடியது. ஆனால் நிறையக் கற்றோம் என்ற உணர்வோ தெளிவான விரிவுரையைக் கேட்டவர்களுக்கே கூடுதலாக இருந்தது. மூளை உழைக்கும்போது ஏற்படும் சிரமத்தை, கற்கவில்லை என்பதற்கு அடையாளமாக மாணவர் எடுத்துக்கொள்கிறார். எங்கள் சித்தூர்ப் பிள்ளைகள் எழுதியது பிழையுமன்று, பகையுமன்று.

இதைத் தெரிந்துகொண்டபின் செய்தவற்றை நீங்கள் முதல் நாளே செய்துவிடுங்கள். பருவத்தின் முதல் வகுப்பிலேயே, இந்தப் பாடம் கடினமாகத் தோன்றும், ஏன் அப்படித் தோன்றும் என்பதை மாணவர்களிடம் திறந்து சொல்லுங்கள். முதல் தேர்வு முடிந்ததும், விவாதித்த தலைப்புகளில் வாங்கிய மதிப்பெண்ணையும் மற்றவற்றில் வாங்கியதையும் அவர்களுக்கே எடுத்துக் காட்டுங்கள். முதல்வரிடம் போகும்போது ஆர்வத்தை அல்ல, எண்ணைக் கொண்டுபோங்கள். ஸ்காட் ஃப்ரீமன் குழுவினர் அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்கள் குறித்த 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வெளியிட்ட முடிவில், விரிவுரை மட்டும் நடந்த வகுப்புகளில் தோற்றவர்கள் சராசரியாக 33.8 விழுக்காடு, மாணவர் பங்கேற்ற வகுப்புகளில் 21.8 விழுக்காடு. அரியர் எண்ணிக்கையைக் கணக்கில் வைத்திருக்கும் எந்த நிர்வாகத்துக்கும் இந்த வேறுபாடு புரியும். எங்கள் முதல்வருக்கும் புரிந்தது. ஊதிய உயர்வு திரும்பி வரவில்லை என்றாலும், அடுத்த ஆண்டு எழுத்துப்பூர்வ அனுமதி கிடைத்தது, சுவரில் இருந்த ஆங்கில விதியும் விவாத நேரத்துக்குப் பொருந்தாது என்று ஆயிற்று.

சொந்த வகுப்பின் எண்ணும் வேண்டும். தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே வினாத்தொகுப்பைக் கொடுத்து, கூடிய அளவைக் கூடியிருக்கக்கூடிய அளவால் வகுத்துப் பாருங்கள். நூற்றுக்குத் தொடக்கத்தில் 30, முடிவில் 65 என்றால், 35-ஐ 70-ஆல் வகுக்க 0.5 வரும். ரிச்சர்ட் ஹேக் 62 வகுப்புகளில், 6,542 மாணவர்களிடம் இந்தக் கணக்கைப் பார்த்து 1998-இல் வெளியிட்டார். வழக்கமான விரிவுரைக்கு 0.23, மாணவர் பங்கேற்கும் ஊடாடும் முறைக்கு 0.48 என்பது அவர் கண்ட சராசரி. எங்கள் வகுப்பின் எண் இந்த இரண்டுக்கும் இடையில் நின்றது. அந்த ஒற்றைத் தாள்தான் துறைக் கூட்டத்தில் எனக்குத் துணையாக இருந்தது.

பேசாத பிள்ளைகளைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த பெண்கள் பலர், குழுவில் ஒருவன் உரக்கப் பேசினால் அவனோடு ஒத்துப்போய்விடுவார்கள். ஆகவே குழுவின் விடையைச் சொல்லும் பொறுப்பை அதிகம் பேசியவருக்குத் தராமல், அன்று குறைவாகப் பேசியவருக்கே கொடுத்தேன். தன் விடையைச் சொல்ல வேண்டாம், பக்கத்தில் இருப்பவர் சொன்ன காரணத்தைச் சொன்னால் போதும் என்றேன். தன் விடை தவறாகிவிடுமோ என்ற அச்சம் அப்போது விலகும். பெஞ்சுகள் தரையோடு திருகப்பட்ட அறையில், ஒற்றைப்படை வரிசைக்காரர்கள் பின்னால் திரும்பினால் நால்வர் குழு அமைந்துவிடும். அட்டையில் காட்டும் விடைக்கு மதிப்பெண் வைக்கவே கூடாது. வைத்தீர்களானால் அன்றே விவாதம் நின்று, விடையைக் கேட்டு எழுதுவது தொடங்கிவிடும். பங்கேற்புக்கு மட்டும் அகமதிப்பீட்டில் சிறு பங்கு கொடுங்கள்.

கேரளத்தில் 2024 முதல் நான்காண்டுப் பட்டப்படிப்பு வந்துவிட்டதால், இப்போது மாணவர் பங்கேற்பைக் கல்லூரிகளே கேட்கத் தொடங்கியிருக்கின்றன. நான் பட்ட சிரமம் உங்களுக்கு அந்த அளவுக்கு இருக்காது. ஆனால் வினாக்களை யாரும் தயாராக்கித் தர மாட்டார்கள். கோடை விடுமுறையிலேயே ஓர் அலகுக்கு ஐந்தாறு வினாவாவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பருவம் தொடங்கியபின் நேரம் கிடைக்காது. ஒவ்வொரு வினாவுக்கும் கீழே, விவாதத்துக்கு முன்னும் பின்னும் எத்தனை அட்டை எந்த நிறத்தில் எழுந்தது என்பதைத் தேதியோடு குறித்து வையுங்கள். அடுத்த ஆண்டு எதை வைத்துக்கொள்வது, எதைத் திருத்துவது, எதை நீக்குவது என்பதை அந்தக் குறிப்பே சொல்லிவிடும். என்னிடம் முதல் ஆண்டு இருந்த வினாக்களில் இன்று பாதிகூட மிஞ்சவில்லை, லாரி வினா மட்டும் ஒரு சொல்லும் மாறாமல் இருக்கிறது.